புரோபயாடிக் வாங்கும் முன் ரகத்தின் பெயரைக் கேளுங்கள்

வயிற்றுக்கு நல்லது, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும். இந்த இரண்டு வாக்குறுதிகளை வைத்தே புரோபயாடிக் விற்கப்படுகிறது. கேப்ஸ்யூல், பொடி, பானம், குழந்தைகளுக்கான சொட்டு மருந்து என்று எல்லா வடிவத்திலும் வந்துவிட்டது. இந்த நுண்ணுயிர்கள்மீது எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. இவற்றில் சில உயிரைக் காக்கும் அளவுக்கு வேலை செய்கின்றன என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குறிப்பிட்ட நோய்க்கு உதவும் ஒன்றை எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் என்று விற்பதில்தான் எனக்குக் கோபம்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் ஒரு வரையறை தந்தது. உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும், போதுமான அளவில் உள்ளே போக வேண்டும், அதனால் உடலுக்கு நன்மை கிடைக்க வேண்டும். கடைகளில் இருப்பவற்றில் பல முதல் இரண்டைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. "1,000 கோடி பாக்டீரியா" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த 1,000 கோடியும் எந்த நோயில் என்ன செய்தது என்ற தகவல் அட்டையில் இருக்காது.

எண்ணிக்கையைவிட முக்கியம் ரகம், அதாவது ஒரே இனத்துக்குள் இருக்கும் உட்பிரிவு. ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போரில் உடனிருந்தவர்கள் கடும் வயிற்றுப்போக்கில் விழுந்தபோது ஒரு சிப்பாய் மட்டும் நலமாக இருந்தார். ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917-இல் அவருடைய குடலிலிருந்து ஓர் ஈ.கோலை ரகத்தைப் பிரித்தெடுத்தார். அது இன்றும் ஜெர்மனியில் மருந்தாகப் பயன்படுகிறது. அதே ஈ.கோலையின் இன்னொரு ரகமான ஓ157:எச்7 இரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கி, சில குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்கிறது. இரண்டும் ஒரே இனம்தான். அப்படியிருக்க, "லாக்டோபாசில்லஸ் உள்ளது" என்று மட்டும் அச்சிட்ட அட்டையை வைத்து நாம் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? 2020-இல், பல இனங்களை அடக்கிய அந்தப் பேரினத்தையே 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அவ்வளவு வேறுபட்ட உயிரிகள் ஒரே பெயரின் கீழ் இருந்திருக்கின்றன.

செரிமானத்தைப் பொறுத்தவரை நல்ல செய்தியும் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்களுக்குத் தயிரில் உள்ள உயிருள்ள பாக்டீரியாக்கள் உதவுகின்றன. அந்தச் சர்க்கரையை உடைக்கும் நொதியை அவையே கொண்டுவருகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தத் துறையில் வந்த "உடலுக்கு நல்லது" என்ற உரிமைகோரல்களை வரிசையாக நிராகரித்தபோதும் இதை ஏற்றுக்கொண்டது. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. ஆன்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கிலும் பலன் தெரிகிறது. 33 ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், புரோபயாடிக் பெறாத குழந்தைகளில் 19 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பெற்றவர்களில் அது 8 சதவீதம்.

ஆனால் தொற்றால் வரும் வயிற்றுப்போக்குக்கு? 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியே நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. வாந்தியும் பேதியுமாக அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு உண்மையான புரோபயாடிக், மீதிப் பேருக்கு வெறும் பொடி. இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. அந்தக் குழந்தைகளை முதலில் காப்பாற்றுவது உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். அதைக் கலக்குவதற்கு முன் புரோபயாடிக் தேடி ஓடுவதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனம் பதறுகிறது.

எதிர்ப்புச் சக்திக்கு வருவோம். அதிகம் பொய் சொல்லப்படுவது இங்கேதான்.

குடலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள உறவு உண்மையானது, மிக ஆழமானது. குடலின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அதற்கு இந்தப் பக்கம் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள். அந்தப் பக்கம் உடலின் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு. இடையில் ஒரு சளிப்படலம். சுவரில் உள்ள சிறப்புச் செல்கள் குடலில் இருப்பவற்றைத் துளித்துளியாக எடுத்து எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுகின்றன. எது பகை, எது பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று அவை கற்றுக்கொள்கின்றன. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் சுரந்து சளிப்படலத்தில் காவல் நிற்கிறது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முதன்மை எரிபொருள். அழற்சி எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் பெருகவும் அது உதவுகிறது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் எதிர்ப்புத் திசுக்கள் முழுமையாக வளர்வதே இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நல்ல பாக்டீரியாக்கள் எதிர்ப்பை ஏற்றிவிடும் வேலையை மட்டும் செய்யவில்லை. பாதி நேரம் அடக்கும் வேலையைத்தான் செய்கின்றன. ஒவ்வாமையும் முடக்குவாதமும் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாத இடத்தில் பாய்வதால் வருபவை. அந்த நோயாளிகளிடம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறேன் என்று வந்து நிற்பவருக்கு அவர்களின் நோயே புரியவில்லை.

நன்றாகச் செய்த ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2017-இல் நேச்சர் இதழில் வெளியானது. லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஒரு ரகத்தை, அதற்கு உணவாகும் சர்க்கரையோடு சேர்த்து 7 நாட்கள் கொடுத்தார்கள். இரத்தத் தொற்றோ இறப்போ நேர்ந்த குழந்தைகள் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தார்கள். இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ரகம் எது, அளவு எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்று எல்லாமே அங்கே தெளிவாக இருந்தன.

அதே தெளிவோடு எதிர்மறை முடிவுகளையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் பல பாக்டீரியாக்கள் கலந்த புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் லான்செட் இதழில் வந்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதத்தினர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதத்தினர். குறைப்பிரசவக் குழந்தைகளின் குடல் அழுகலைத் தடுக்கச் சில ரகங்கள் உதவுகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. அதே குறைப்பிரசவக் குழந்தைகளில் ஒன்று, கொடுக்கப்பட்ட புரோபயாடிக் பாக்டீரியாவே இரத்தத்தில் பரவியதால் இறந்தது. அதையடுத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. இரண்டும் உண்மை. அதனால்தான் இதை மருத்துவமனைக்குள் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும் என்கிறேன்.

என் உறவினர் ஒருவர் கீமோதெரபியில் இருந்தபோது, பார்க்க வந்தவர்கள் அன்போடு ஒரு புரோபயாடிக் பொடியை வாங்கிவந்து கட்டிலருகே வைத்தார்கள். உறையைப் பிரிக்கப் போன கையைச் செவிலியர் தடுத்துவிட்டார். அதில் இருந்தது சாக்கரோமைசஸ் புலார்டி என்ற ஈஸ்ட். மார்பின் இரத்த நாளத்தில் மருந்துக் குழாய் பொருத்தியிருப்பவரின் அருகில் அந்த உறையைப் பிரித்தாலே பறக்கும் தூள் குழாயில் ஒட்டி இரத்தத்தில் பூஞ்சைத் தொற்றாக மாறலாம் என்று விளக்கினார். வாங்கிவந்தவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை, இயற்கையானது என்று சொல்லித்தானே அவர்களிடம் விற்றார்கள்.

உடல்நலத்தோடு இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் கருத்தில் மாத்திரைக்கு முன் உணவு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 36 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 10 வாரம் புளிக்கவைத்த உணவுகளை மிகுதியாக உண்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. அதோடு பயறு, கீரை, முழுத் தானியம் என்று நார்ச்சத்து வேண்டும். ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டுவிட்டுப் புதியவற்றை இறக்குமதி செய்வதில் பயனில்லை. வெளியிலிருந்து வருபவை பெரும்பாலும் நிலையாகத் தங்குவதும் இல்லை. நிறுத்தினால் சில நாட்களில் மறைந்துவிடுகின்றன.

ஒரு காரணத்துக்காக வாங்கியே ஆக வேண்டும் என்றால் ரகத்தின் பெயர் முழுதாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நோய்க்கு அந்த ரகம் சோதிக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாக்டீரியா எண்ணிக்கை எந்த நாளுக்கானது என்றும் பாருங்கள். தயாரித்த நாளின் எண்ணிக்கையைப் போடுவது எளிது, அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவை செத்துக்கொண்டே இருக்கும். காலாவதி நாளன்று உயிரோடு இருப்பவை எத்தனை என்பதையும் ரகத்தின் பெயரையும் அச்சிடாத எதையும் உடல்நலத்தின் பெயரால் விற்க அனுமதிக்கக் கூடாது.