தி கிரிட்டிக் பத்தி ஒரு விஷயம் விட்டுட்டீங்க

'தி கிரிட்டிக்' கார்ட்டூன் 23 எபிசோடோட நின்னுபோன கதைய எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க, ஆனா 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் கூட நடந்த சண்டைய சொல்லாம விட்டுட்டீங்களே. 1994ல அமெரிக்க டிவி சேனல் ஏபிசி கிரிட்டிக்க ஆரம்பிச்சு கைவிட்டதும், சிம்ப்சன்ஸ் ஓடுற ஃபாக்ஸ் சேனல் எடுத்துச்சு, 1995 மார்ச்ல கிரிட்டிக்கோட ஹீரோவான சினிமா விமர்சகர் ஜே ஷெர்மன சிம்ப்சன்ஸ்குள்ளயே கொண்டுவந்து ஒரு எபிசோட் போட்டாங்க, அது வெறும் விளம்பரம்னு கோவப்பட்டு சிம்ப்சன்ஸ உருவாக்குன மேட் க்ரோனிங் தன் பேரையே எடுக்க சொல்லிட்டாரு, அந்த எபிசோட்ல பேர் போடுற டைட்டில் கார்ட பாருங்க, அவர் பேர் இருக்காது. இத்தனைக்கும் கிரிட்டிக்க உருவாக்குன அல் ஜீன், மைக் ரீஸ் ரெண்டு பேரும் முன்னாடி சிம்ப்சன்ஸ பொறுப்பெடுத்து நடத்துனவங்கதான்! நிஜ சினிமா விமர்சகர்கள் சிஸ்கல், ஈபர்ட்டே வந்து சொந்தக் குரல் குடுத்த எபிசோட் ஒண்ணு கிரிட்டிக்ல இருக்கு, அத கண்டிப்பா பாருங்க, அவ்ளோ அருமையா இருக்கும். இன்னும் நாலு சீசன் ஓடிருக்க வேண்டியது.