பார்த்து எழுதி வா என்று சொன்னால் பார்த்துதான் எழுதுவார்கள்

சில வருடங்களுக்கு முன் வகுப்பில், “புளூட்டோவைப் பற்றி இணையத்தில் பார்த்து எழுதி வாருங்கள்” என்றேன். மறுநாள் வந்த நோட்டுகளில் பெரும்பாலும் ஒரே பத்தி. பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், நான் கேட்டதைத்தானே செய்திருக்கிறார்கள்! யோசிக்க வைக்கும் வேலை எதையும் நான் கொடுக்கவே இல்லை.

இணையத்தில் படித்ததை வைத்து யோசிக்க வைக்கும் வெப்குவெஸ்ட் என்றொரு முறை உண்டு. 1995-இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து உருவாக்கியது. இதில் படிக்க வேண்டிய இணையப் பக்கங்களை ஆசிரியரே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுவார். “இது ஊட்டிவிடுவது இல்லையா?” என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இல்லை என்பேன். பீரியடில் பாதி லிங்க் தேடுவதிலேயே போய்விட்டால், படித்ததை எடைபோட நேரம் ஏது? தேடக் கற்றுக்கொள்வதும் அவசியம்தான், அதற்கு வேறு வகுப்பு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருடம் இந்த முறையில் கேள்வியை மாற்றினேன். 1930-இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து கோளாக இருந்த புளூட்டோவை, 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் குறுங்கோள் பட்டியலுக்கு மாற்றியது. அது சரியா? குழுவுக்கு நான்கு பேர். ஒருவருக்கு ஒன்றியத்தின் வரையறை (கோள் என்றால் தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தை மற்ற பொருள்கள் இல்லாமல் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று), ஒருவருக்கு அதை எதிர்த்த விஞ்ஞானிகளின் வாதம், ஒருவருக்கு 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படங்கள், ஒருவருக்கு புளூட்டோவைப் போன்ற இன்னொரு குறுங்கோளான ஏரிஸ். கடைசியில் குழுவாக ஒரு தீர்ப்பு எழுத வேண்டும். மதிப்பெண் தீர்ப்புக்கு இல்லை, காரணத்துக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஒரு மாணவி எழுந்தாள். “புளூட்டோ தன் பாதையைத் துப்புரவா வச்சுக்கலைன்னு சொல்றாங்க மிஸ். ஆனா 1979-லேர்ந்து 1999 வரைக்கும் அது நெப்டியூனை விட சூரியனுக்குப் பக்கத்துல இருந்திருக்கு. அப்போ நெப்டியூனும் துப்புரவா வச்சுக்கலைதானே?”

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. “நீயே பார்த்துச் சொல்லும்மா” என்றேன். மறுநாள் கணக்கோடு வந்தாள். நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றும் நேரத்தில் புளூட்டோ இரண்டு முறை சுற்றுகிறது. அந்த ஒழுங்கால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குவதே இல்லை. “அப்போ பிடி நெப்டியூன் கையில இருக்கு, அதுதான் கோள்” என்றது அவள் குழு. பக்கத்துக் குழு ஒத்துக்கொள்ளவில்லை: “புளூட்டோ இன்னும் அங்கேதானே இருக்கு, அதை எப்படித் துப்புரவுன்னு சொல்றது?”

இப்படி ஒன்றைத் தயாரிக்க இரண்டு மூன்று மாலைகள் போகும். பழைய லிங்க்குகள் வேலை செய்யாமல் போகும், ஒவ்வொரு வருடமும் சரிபார்க்க வேண்டும். எழுதித் தர இயந்திரமே வந்துவிட்ட இந்தக் காலத்தில், இந்த மெனக்கெடலைத் தவிர்க்க வழியில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த இரண்டு குழுக்களும் எதிரெதிர் தீர்ப்புதான் எழுதின. இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.