ஒரே திருட்டை நாப்பது தடவை பாத்தா

போன வருஷம் ஒருநாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்தேன், மணி ரெண்டு இருக்கும், அம்மா வாசக்கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. என்னம்மான்னு கேட்டா "தாப்பா போட்டேனான்னு பாக்க வந்தேன்ப்பா"ன்னாங்க. போட்டுத்தான் இருந்துச்சு, பூட்டும் பூட்டியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அவங்க எழுந்து வந்தது அது மூணாவது தடவைன்னு காலைல மனைவி சொல்லித்தான் தெரிஞ்சுது. எங்க தெருவுல எனக்கு நெனவு தெரிஞ்சு ஒரு திருட்டு நடந்ததில்ல. ஆனா அன்னிக்கு சாயங்காலம் முழுக்க டிவில ஒரு திருட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு, எங்கயோ நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டுல நடந்தது, முகமூடி போட்ட ரெண்டு பேர் சுவரேறிக் குதிக்கிற சிசிடிவி காட்சி, அதுல சிவப்பு வட்டம் போட்டு, ஸ்லோமோஷன் பண்ணி, பின்னாடி திக் திக்னு ஒரு மியூசிக் வச்சு, அரை மணிக்கு ஒரு தடவை போட்டாங்க. அம்மா அத்தனை தடவையும் பாத்திருக்காங்க.

நடந்தது ஒரு திருட்டு. அம்மா மனசுக்குள்ள அன்னிக்கு எத்தனை வீட்டுல திருடன் குதிச்சிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

நான் சொல்ல வர்றது இதைத்தான். உலகத்துல கெட்டது நடக்கத்தான் செய்யுது, அது நமக்குத் தெரியவும் வேணும். ஆனா ஒரே விஷயத்தை நாப்பது தடவை பாத்தா மனசு அதை ஒண்ணுன்னு கணக்கு வைக்கிறதில்ல, நாப்பதுன்னு வச்சிக்குது. எது சட்டுனு ஞாபகத்துக்கு வருதோ அதுதான் அடிக்கடி நடக்குதுன்னு மனுஷன் முடிவு கட்டிடுவான்னு ட்வெர்ஸ்கி, கானெமான்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1973லயே எழுதிட்டாங்க. ஜார்ஜ் கெர்ப்னர்னு ஒரு ஆய்வாளர் அதே எழுபதுகள்ல, நிறைய டிவி பாக்குறவங்க உலகம் இருக்கிறதை விட ரொம்பப் பயங்கரமானதுன்னு நம்புறாங்க, அடுத்த மனுஷனை நம்ப யோசிக்கிறாங்கன்னு சொன்னார். எனக்கு இதைப் படிச்சப்ப வாசக்கதவுகிட்ட நின்ன அம்மாதான் கண்ணு முன்னாடி வந்தாங்க.

இதைவிட என்னை உலுக்கினது ஒண்ணு இருக்கு. 2013 ஏப்ரல்ல பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சுது. அதுக்கப்புறம் அமெரிக்கால 4,600 பேருக்கு மேல கேட்டு ஒரு ஆய்வு பண்ணாங்க. அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல அந்தச் செய்தியவே பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு, குண்டு வெடிச்ச இடத்துலயோ பக்கத்துலயோ இருந்தவங்களை விட மன அழுத்தம் அதிகமா இருந்துச்சாம். ஸ்பாட்ல இருந்தவங்களை விட சோபாவுல உக்காந்து பாத்தவங்களுக்கு அதிகம்! இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். நேர்ல நடந்தது எவ்வளவு கொடூரமா இருந்தாலும் அந்த நிமிஷம் முடிஞ்சிடுது, திரையில அது முடியவே மாட்டேங்குது.

சரி ஏன் இப்படியே போடுறாங்க, நல்லது எதுவுமே கிடைக்கலயான்னு கேக்கலாம். நாமதான் கெட்ட செய்தியா பாத்துத் தொடுறோம். ஒரு இணையதளத்தோட ஒரு லட்சத்துக்கும் மேல தலைப்புகளை வச்சு 2023ல வந்த ஆய்வுல, தலைப்புல ஒரு எதிர்மறை வார்த்தை கூடினா கிளிக் 2.3 சதவீதம் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி 2019ல 17 நாட்டு மக்களுக்கு நியூஸ் வீடியோ போட்டுக் காட்டி, தோல்ல, இதயத் துடிப்புல என்ன மாற்றம் வருதுன்னு அளந்தாங்க, சராசரியா பாத்தா கெட்ட செய்திக்குத்தான் உடம்பு அதிகமா துடிக்குது. ஆபத்து எங்க இருக்குன்னு பாக்குறது உடம்போட இயல்பு, அதுல தப்பே இல்ல. அந்த இயல்பை வச்சு நாள் பூரா ஒருத்தன் நம்மளை பிடிச்சு உக்கார வைக்கிறதுதான் தப்பு.

அம்மாவுக்கு டிவின்னா எனக்கு போன். படுத்ததுக்கப்புறம் ஒரு பத்து நிமிஷம்னு எடுப்பேன், ஒரு விபத்து, அதுக்குக் கீழ ஒரு கொலை, அதுக்குக் கீழ ஒரு போர், இடிஞ்ச கட்டடத்துக்கு முன்னாடி ஒரு குழந்தை, கட்டைவிரல் பாட்டுக்கு தள்ளிக்கிட்டே போகும், பாத்தா மணி ஒண்ணே கால். பேப்பர்னா கடைசிப் பக்கம்னு ஒண்ணு இருந்துச்சு, மடிச்சு வச்சிட்டு வேலைய பாக்கப் போனோம், இதுல கடைசிப் பக்கமே கிடையாது. இந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006ல உருவாக்கின அசா ராஸ்கின்ங்கிறவரே பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கார். காலைல எழுந்தா தலை பாரமா இருக்கும், யார் என்ன சொன்னாலும் எரிச்சல் வரும், பொண்ணு ஏதோ வரைஞ்சு கொண்டாந்து காட்டினா "அப்புறம் பாக்குறேன்மா"ன்னு சொல்லி அனுப்பிடுவேன். முகமே தெரியாதவங்களுக்காக ராத்திரி பூரா மனசு கனத்து, காலைல கூடவே இருக்குற புள்ளைக்குக் குடுக்க ஒண்ணும் மிச்சம் இல்லாம போச்சு. இது எனக்கு ரொம்ப வலிச்சுது.

மொதல்ல நோட்டிபிகேஷன் எல்லாத்தையும் நிறுத்தினேன். பெரிய வித்தியாசம் அதுலதான் வந்துச்சு, ஏன்னா அதுவரைக்கும் செய்தி கூப்பிட்டப்ப நான் போனேன், இப்ப எனக்கு வேணும்னா நான் போறேன். சாயங்காலம் ஒரு அரை மணி நேரம், வீடியோ இல்லாம எழுத்துல மட்டும். படிக்கிறப்ப ஒரு விபத்து ஒரு விபத்தாதான் இருக்கு. குடும்ப குரூப்பை மியூட் பண்ணிட்டேன், யாருக்கும் கோவம் வரல. போன் இப்ப ராத்திரி ஹால்ல தூங்குது. கொரோனா வந்த புதுசுல, 2020 மார்ச்சுல, உலக சுகாதார நிறுவனமே இதைத்தான் சொன்னுச்சு, பதட்டம் தர்ற செய்திய குறைச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை குறிப்பிட்ட நேரத்துல பாத்தா போதும்னு. அவ்வளவு பெரிய ஆபத்து நடந்துக்கிட்டு இருந்த நேரத்துக்கே அந்த அளவு போதும்னா சாதாரண நாளுக்கு எவ்வளவு வேணும்?

நெருங்கின நண்பர் ஒருத்தர் கேட்டார், "அப்ப ஊரு உலகத்துல கஷ்டப்படுறவனைப் பத்தி உங்களுக்கு அக்கறை இல்லையா, இது கண்ணை மூடிக்கிறது இல்லையா"ன்னு. நியாயமான கேள்விதான், நான் ரெண்டு நாள் யோசிச்சேன். முன்னாடி ஒரு வெள்ளம் வந்தப்ப மூணு நாள் விடாம பாத்தேன், அழுதேன், நாலு பேருக்கு ஷேர் பண்ணேன், அவ்வளவுதான், ஒரு போர்வைகூட அனுப்பல. பாத்துப் பாத்தே களைச்சுப் போயிட்டேன். அடுத்த தடவை அதே மாதிரி ஒரு செய்தி வந்தப்ப ஒரு தடவை படிச்சேன், எங்க பணம் அனுப்பணும்னு விசாரிச்சு அனுப்பிட்டு மூடி வச்சேன். எது அக்கறைன்னு நீங்களே சொல்லுங்க சார்னு அவர்கிட்ட கேட்டேன்.

இன்னொண்ணும் மனசுல இருக்கு. கெட்டது ஒரே நாள்ல நடக்கும், அதனால அது நியூஸ். நல்லது பல வருஷம் மெதுவா நடக்கும், அதுக்குன்னு ஒரு நாள் கிடையாது. 1990ல உலகத்துல அஞ்சு வயசுக்குள்ள செத்துப் போன குழந்தைங்க 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல. 2022ல அது 50 லட்சத்துக்கும் கீழ வந்திருச்சு. இன்னும் அதுவே கொடுமையான எண்ணிக்கைதான், மறுக்கல. ஆனா தடுப்பூசி போட்ட நர்ஸுங்க, சுத்தமான தண்ணிக்கு குழாய் போட்டவங்க, வயித்துப்போக்கு வந்தா தண்ணில உப்பும் சர்க்கரையும் கலந்து குடுக்கக் கத்துக்கிட்ட அம்மாங்க, இவங்க எல்லாம் சேந்து பண்ண வேலை இது. எந்த டிவிலயாவது "இன்னிக்கு இவ்வளவு குழந்தைங்க பொழைச்சுது"ன்னு சிவப்பு எழுத்துல ஓடி நான் பாத்ததில்ல.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். டிவிய நிறுத்துங்கன்னு மொதல்ல சத்தம் போட்டேன், அது தப்பு. நாங்க எல்லாரும் கெளம்பிப் போனா மத்தியானம் பூரா வீட்டுல பேச்சுக் குரல்னா அவங்களுக்கு அந்த நியூஸ் சேனல் ஒண்ணுதான், அவங்க செய்திக்காகப் பாக்கல, துணைக்குப் பாத்திருக்காங்கன்னு எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆச்சு. இப்ப பகல்ல பாட்டு ஓடுது, மத்தியானம் நான் ஒரு போன் பண்றேன். ஏழு மணிக்கு ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அரை மணி நேரம் நியூஸ் பாக்குறோம், பாக்குறப்பவே பேசிக்கிறோம், முடிஞ்சதும் அவங்களே ரிமோட்டை எடுத்து அணைச்சிடுறாங்க. ராத்திரி தாப்பாவை இன்னும் ஒரு தடவை வந்து தொட்டுப் பாத்துட்டுதான் படுக்குறாங்க. நான் வர லேட்டானா போனும் வருது. "எங்கப்பா வந்துக்கிட்டு இருக்க"ன்னு கேக்குறாங்க, முன்ன மாதிரி குரல் நடுங்கல.