திருக்கை முள்ளுக்குச் சுண்ணாம்பு போதுமா?

"திருக்கை மீனின் முள் குத்தினால் சுண்ணாம்பும் மஞ்சளும் பூசினால் போதும், ஊசி வேண்டாம்" என்று தொண்டி, பாம்பன் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. சுண்ணாம்பு காரம்; கிழிந்த சதையை இன்னும் அரிக்கும்.

கைவைத்தியம்தான் வேண்டுமென்றால், சரி, வெந்நீர் இருக்கிறது. திருக்கையின் விஷம் புரதம், சூட்டில் சிதையும். 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை முக்கிவைத்தால் வலி நன்றாகக் குறையும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. முதலில் நல்ல காலைத் தண்ணீருக்குள் விட்டுச் சூட்டைப் பாருங்கள்.

வலி போனதும் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முள்ளின் ஓரம் ரம்பம் மாதிரி. துணுக்கு உள்ளேயே ஒடிந்து நிற்கலாம். அதை எடுக்கவும் டெட்டனஸ் ஊசிக்கும் ஆஸ்பத்திரிதான். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது, உடனே 108.