தூண் ஓவியம் மங்கியது யாரால்?

சென்னையில் எங்கள் பாலத்துத் தூண்களில் வரைந்திருந்த ஓவியங்களை ராத்திரியோடு ராத்திரியாகச் சாம்பல் பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள். இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் பேசாமல்தான் இருந்தேன். "மங்கிப்போன படம்தானே, இதுக்குப் போய் இவ்வளவு கூச்சலா?" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்த பிறகு முடியவில்லை.

ஆமாம், மங்கித்தான் இருந்தது. ஏன் மங்கியது? வரையக் காசு ஒதுக்கியவர்கள் அதைப் பராமரிக்க ஒதுக்கவில்லை. சென்னை வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் எந்தப் பெயின்டும் சில வருடங்களுக்கு மேல் தாங்காது. அடியில் இரண்டடி உயரம்தான் முதலில் போகும். ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டி பொருக்குப் பொருக்காக உதிரும். அதன்மேல் போஸ்டர் பசை வேறு. எந்தப் பெயின்டரைக் கேட்டாலும் சொல்வார். யாரும் கேட்கவில்லை. காசு ஒதுக்கிய அதிகாரிகளே, நீங்களே கைவிட்டுவிட்டு, கெட்டுப்போச்சு என்று நீங்களே அழிப்பது என்ன நியாயம்?

என் பெரியப்பா சினிமா பேனர் வரைந்தவர். பிளெக்ஸ் வந்ததும் தொழில் போனது. 2009 வாக்கில், போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் தமிழர் பண்பாட்டுக் காட்சிகள் வரையப்பட்டதே, அப்போது பேனர் ஓவியர்களை மறுபடி தேடினார்கள். பெரியப்பாவுக்கும் வேறொரு தெருவில் ஒரு சுவர் கிடைத்தது. சாக்பீஸால் கட்டம் போட்டு, கையிலிருந்த சின்னப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவார். காளையின் கண்ணுக்கு மட்டும் அரைநாள். கூலியோ சதுர அடிக் கணக்கு. கண்ணுக்கும் அதே ரேட், வெறும் வானத்துக்கும் அதே ரேட். மூலையில் பெயர் எழுதப் போனபோது ஒப்பந்தக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். பெரியப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சிலை என்றால் கதை வேறு. 2001இல் மெரினாவிலிருந்து கண்ணகி சிலையை எடுத்தபோது ஊரே பேசியது, 2006இல் திரும்ப வைத்தார்கள். அதே வருடம் வைத்த நடிகர் சிவாஜி கணேசன் சிலை போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்றம் வரை போய், 2017இல் அங்கிருந்து மணிமண்டபத்துக்கு மாறியது. சரியோ தவறோ, ஒரு கேள்விமுறை இருந்தது. சுவர் ஓவியத்தை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடலாமா?

"குடிக்கத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, ஓவியம் ஒரு கேடா?" என்று சிலர் வருவார்கள். தண்ணீர் கேட்டு நானும் தெருவில் நின்றவன்தான். கண்ணகி நகரைப் பாருங்கள். நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விடப்பட்ட மக்கள். 2020இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. அதனால் அவர்கள் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் படம் எடுக்கப் போனார்கள். அதை ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

"கலைஞர்களுக்கு எப்போதும் குறைதான்" என்றும் ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில் கிடையாது.

1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இந்த ஊரில் இருக்கிறது. அங்கே முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959இலிருந்து கடற்கரையில் நிற்கிறது. அது வெண்கலம், நிற்கும். பெயின்ட் நிற்காது, கூடவே ஆள் வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஓவியர்கள் இருக்கட்டும், அந்தத் தெருக்காரர்களும் இருக்கட்டும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை யார் தொட்டுச் சரிசெய்வது, அழிப்பதென்றால் யாரிடம் சொல்வது, எல்லாவற்றையும் வரையும் முன்பே எழுதி வையுங்கள். வரைந்தவர் பெயரையும் போடுங்கள்.

அதே தூண்களில் புதுப் படம் வரப்போகிறதாம். யார் முடிவு செய்தார்கள்? தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழையதை வரைந்த தம்பி இதே ஊரில்தான் இருக்கிறார், அவர் நம்பரும் உங்களிடம் இருக்கிறது. முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.