கொல்லிமலையில் அந்தக் குருவி இல்லை

நேற்று ராத்திரி நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அது ஏற்கெனவே போதுமான அளவுக்கு ஓடிவிட்டது. "கொல்லிமலையில் மட்டுமே வாழும் சித்தர் குருவி, தமிழனாய் இருந்தால் பகிர்" என்ற அதே படம்தான். நான் கீழே ஒரே ஒரு வரி எழுதினேன்: "இது அமேசான் காட்டுப் பறவை, கொல்லிமலையில் இல்லை." அதற்குக் கிடைத்த பட்டங்கள்: வெள்ளைக்காரனுக்கு வால் பிடிப்பவன், மலையேறத் தெம்பில்லாமல் செல்போனில் பறவை பார்ப்பவன். அப்புறம் ஒரு புண்ணியவான், யார் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்திருந்தார். கொடுத்தால் சொல்கிறேன் அண்ணா.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். படத்தில் இருப்பது பாரடைஸ் டானஜர். தலை கிளிப்பச்சை, அதுவும் மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காக. தொண்டை கத்தரிப்பூ நிறம், மார்பு வானநீலம், முதுகு கரிக்கறுப்பு. வாலுக்குச் சற்று மேலே நெருப்பு வைத்ததுபோல் சிவப்பு. சில வட்டாரங்களில் அந்தச் சிவப்புக்குக் கீழே மஞ்சளும் இருக்கும். அளவு நம் சிட்டுக்குருவிதான். பெரு, ஈக்வடார், கொலம்பியா, பொலிவியா, பிரேசில் பக்கத்து மழைக்காடுகளில் மர உச்சியில் கூட்டமாகத் திரிந்து பழமும் பூச்சியும் தின்னும். அங்கே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இதை 'ஏழு நிறம்' என்றே கூப்பிடுகிறார்கள். டானஜர் என்ற சொல்லே பிரேசிலின் பூர்வகுடிகள் பேசிய துப்பி மொழியிலிருந்து வந்ததுதான். அந்தக் குடும்பம் ஏறக்குறைய மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. ஆசியாவில் ஒன்றுகூடக் கிடையாது.

அதாவது அந்தக் குருவிக்கு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வைத்த பெயர் இருக்கிறது. நம் தோசையை இன்னொருவன் தன் ஊர்ப் பண்டம் என்றால் மூன்று நாள் தூங்காமல் சண்டை போடுகிறோம். அவர்கள் குருவியைத் தூக்கிவந்து சித்தர் பெயர் சூட்டினால் மட்டும் அது பண்பாடு. நான் சொன்னது இவ்வளவுதான். கொல்லிமலையில் அந்தக் குருவி இல்லை.

"விஞ்ஞானி சொன்னால் வேதமா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. இந்தக் குருவிக்கு 1832இல் விகர்ஸ் என்பவர் வைத்த அறிவியல் பெயரிலேயே 'சிலென்சிஸ்' என்று வருகிறது. சிலி நாட்டுப் பறவை என்று பொருள். சிலியில் இந்தக் குருவி கிடையவே கிடையாது! இடம் தப்பு என்பதற்காக முதலில் வைத்த பெயரை மாற்றப் பெயரிடும் விதி அனுமதிக்காது, ஆகவே இருநூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு திரிகிறது. பாருங்கள், என்னை அடிக்க நானே கம்பு எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் பறவைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அது தப்பான பெயர் என்றுதான் சொல்வார்கள். நம் பதிவர் என்னை பிளாக் செய்தார்.

"அழகான படம், பகிர்ந்தால் என்ன குறைந்துவிடும்?" இதைக் கேட்டவர்கள்தான் அதிகம். அதே பதிவின் கீழே ஒருவர், "இவ்வளவு அரிய பறவையை அரசு ஏன் காப்பாற்றவில்லை?" என்று கொதித்திருந்தார். இல்லாத குருவிக்குச் சரணாலயம் கேட்கிறார். இருக்கிற குருவிக்கு ஒரு மரம் கேட்டவர் யாராவது உண்டா? விழிப்புணர்வுக்காகத்தான் பகிர்ந்தோம் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நிறம்தான் வேண்டுமென்றால் நம்மிடம் ஆறுமணிக் குருவி இருக்கிறதே. ஏழு அல்ல, ஒன்பது நிறம். வடக்கே அதற்கு நவரங் என்றே பெயர். குளிர்காலத்துக்குத் தெற்கே நம் பக்கம் வரும், விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். வந்த களைப்பில் ஊர்த் தோட்டங்களில் சுருண்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு. பொய் சொல்லாமலே மார்தட்டலாம். ஆனால் "கொல்லைப்பக்கம் போய்ப் பார்" என்று பதிவு போட்டால் எத்தனை பேர் பகிர்வார்கள்?

உண்மையைச் சொன்னால் நேற்று எனக்கு வலித்தது இதெல்லாம் இல்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டது என் சித்தப்பா. நான் திருத்தியதும், "நீ படிச்சவன்பா, நாங்க என்னத்தக் கண்டோம்" என்று எழுதிக் கீழே ஒரு கும்பிடு.

என்னத்தக் கண்டீர்களா? எட்டு வயதில் கொல்லைத் தேன்பழ மரத்தடியில் என் தலையை இரு கையாலும் பிடித்துத் திருப்பி, பூங்கொத்தியைக் காட்டியவர் யார்? எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், நம் நாட்டின் மிகச் சின்னப் பறவைகளில் ஒன்று. நிறமென்று சொல்ல ஒன்றும் இல்லை, கழுவாத பாத்திரத்தின் நிறம். பக்கத்து மாமரத்தில் புல்லுருவிப் பழத்தைத் தின்றுவிட்டு, பசைபோல ஒட்டிக்கொண்டு வரும் விதையைப் பின்பக்கத்தால் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். ஒட்டிய இடத்தில் அடுத்த புல்லுருவி முளைக்கும். "பார்றா, குருவி நாத்து நடுது" என்றார் சித்தப்பா. இன்றுவரை அதைவிட நன்றாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை.

அந்தத் தேன்பழ மரம் இப்போது இல்லை. கார் ஷெட் போட வெட்டிவிட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. தகரத்துக்குப் பணம் அனுப்பியதே நான்தான், இதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது தோண்டி எடுப்பதற்குள்.

இன்று காலை பார்க்கிறேன், சித்தப்பா படத்தை அழிக்கவில்லை. டிபியாக வைத்திருக்கிறார்.