அந்த ஸ்லைடில் இருந்தது எங்கள் அப்பாவின் லேத்

சனிக்கிழமை நடந்ததை உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எனக்கே மூன்று குரூப்பிலிருந்து வந்தது. ஒன்றில் அழுகிற பொம்மை, இரண்டில் சிரிக்கிற பொம்மை. அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. சிறுதொழில்காரர்களுக்கு லிங்க்ட்இன் (தொழில் தொடர்புக்கான வலைத்தளம்) சொல்லித்தர வந்தவர், அப்பாவின் பழைய லேத்தை, அதாவது இரும்பைக் கடையும் மெஷினை, விற்றதைப் பற்றி அங்கே நான் போட்ட பதிவை ஸ்லைடில் போட்டு மேலே சிவப்பு எழுத்தில் 'இதைச் செய்யாதீர்கள்' என்று எழுதியிருந்தார். என் முகத்தை மறைத்திருந்தாராம். பெரிய மனசு. லேத்தை மறைக்கவில்லையே சார்! கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்திலிருந்து கணபதி வரைக்கும் அந்த லேத்தைப் பார்த்ததும் யாருடைய பட்டறை என்று சொல்லாத ஆள் யார்?

அவர் நடத்திய பாடம் இதுதான். கம்பெனி வேறு, நீங்கள் வேறு. வாடிக்கையாளர் பார்க்க வேண்டியது லோகோவை, உங்கள் வீட்டுக் கதையை அல்ல. போடுகிற பதிவுகளில் எண்பது சதவீதம் கம்பெனி, இருபது சதவீதம் நீங்கள்.

எண்பது, இருபது. எந்த வெர்னியரில் அளந்தாரோ. ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், 20 மைக்ரான் (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் இருபது பங்கு) கூடினால் ரிஜெக்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் நாங்கள். அளவு எங்களுக்குத் தெரியாததல்ல. இதை அளக்கிற கருவிதான் எங்கள் பட்டறையில் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பதினோரு பேர் வேலை செய்கிற இடத்தில் முதலாளியின் முகம்தான் கம்பெனி. ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்துக்கு உங்கள் பாடம் பொருந்தலாம். எங்களுக்குப் பொருந்தாது.

அப்பா 1987-ல் ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்தார். பதினேழு வருஷம் பட்டறைக்குப் போர்டே கிடையாது. முக்கு பேக்கரியில் அப்பா பெயரைச் சொல்லி 'அண்ணன் லேத் எங்கீங்க' என்றால் டீ ஆற்றுகிறவரே கை காட்டுவார். கடைசியில் போர்டு வந்ததும் வியாபாரத்துக்காக இல்லை. லோன் போட்டபோது, பேங்கிலிருந்து வந்தவர் போர்டோடு சேர்த்து போட்டோ எடுக்க வேண்டும் என்றார். மறுநாள் காலையில் பெயின்டரைக் கூட்டி வந்து எழுதினோம். அப்பா அன்றைக்கு அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போன மாதம் அந்த லேத்தை விற்றோம். கம்ப்யூட்டரில் ஓடுகிற புது சிஎன்சி மெஷின் வருகிறது, இடம் போதவில்லை. பழசை ஓட்டத் தெரிந்த ஆளும் இப்போது இல்லை. பழைய இரும்புக்காரர் கிரேன் வண்டியோடு வந்தார், கிலோ கணக்குதான். லேத்தின் ஒரு முனையில் இருக்கிற டெயில்ஸ்டாக் கைச்சக்கரத்தில் அப்பாவின் உள்ளங்கை படுகிற இடம் மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னும். அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். எடை போடும்போது அவர், "அம்மிணி, சக்கரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கறனுங்க" என்றார். இதைத்தான் எழுதினேன். இதற்கு மேல் இருந்தது ஒரே ஒரு வரி. அந்த லேத்தில் எத்தனை அடி ஷாஃப்ட் பிடிக்கும் என்பதைக்கூடச் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன், தொழில் புத்தி போகுமா?

அந்தப் பதிவின் கீழேதான் குஜராத்திலிருந்து ராஜ்கோட்காரர் ஒருவர், தண்ணீருக்குள் ஓடுகிற சப்மெர்சிபிள் பம்புக்கு ஷாஃப்ட் கிரைண்டிங் (தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) எடுப்பீர்களா என்று கேட்டார். ராஜ்கோட்! பம்பில் நமக்குப் போட்டி ஊர். டிராயிங் வந்தது, 410 ஸ்டீல், சாம்பிள் போயிருக்கிறது. ஆர்டர் வரலாம், வராமலும் போகலாம். அதே வாரம் லிங்க்ட்இனில் எங்கள் கம்பெனி பேஜில் மெஷின் பட்டியலை அழகாக டிசைன் செய்து போட்டோம். ஒன்பது லைக். அதில் ஆறு பேர் எங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள், ஏழாவது என் தங்கை.

சரி, நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். லிங்க்ட்இன் வேலை செய்கிற விதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஜால் ஒருவருக்கு கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது, ஆளால்தான் முடியும். பேஜ் தொடங்குவதற்கே முதலில் ஒரு ஆளின் கணக்கு வேண்டும். 2003-ல் லிங்க்ட்இனை ஆரம்பித்ததே ஆட்களுக்காக. கம்பெனி பேஜ் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் பேசி வாங்கியது நம் லோகோக்களுக்காகவா?

'அப்படியென்றால் பேஜே வேண்டாம் என்கிறீர்களா?' இப்படி ஒருவர் கேட்பார், பெயர்கூடத் தெரியும். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பேஜ் என்பது போர்டு. அட்ரஸ், என்னென்ன மெஷின், என்ன சர்ட்டிஃபிகேட், யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் சுத்தமாக இருக்க வேண்டும். ராஜ்கோட்காரரும் என்னிடம் பேசிவிட்டு அங்கே போய்ப் பார்த்திருப்பார். புது வென்டரைச் சேர்ப்பதற்கு முன் பர்சேஸில் இருக்கிற யாரும் பார்ப்பார்கள். ஆனால் போர்டைப் பார்த்து யாரும் ரேட் கேட்டு உள்ளே வரவில்லை சார், அப்பாவைப் பார்த்து வந்தார்கள்.

அந்தப் போர்டையும் நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பேஜை ஒரு தம்பி பார்த்துக்கொண்டான். அட்மின் அவன் ஒருவன் மட்டும்தான். வேலையை விட்டுப் போனான், நம்பரும் மாறியது. எங்கள் பேஜில் ஜூன் மாதம் வரைக்கும் தீபாவளி வாழ்த்து தொங்கிக்கொண்டிருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். என்னையும் அட்மினாகச் சேர் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால் நானே பணம் கட்டி உட்கார்ந்திருப்பேன். பேஜுக்கு எப்போதும் இரண்டு அட்மின் வையுங்கள், அதில் ஒன்று முதலாளியாக இருக்கட்டும்.

இன்னொரு கேள்வி வரும். 'நாளைக்குக் கம்பெனியை விற்றால் உங்கள் முகத்தையும் சேர்த்து விற்பீர்களா?' நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் லிண்டா ஈகிள் என்ற அம்மாவுக்கு இப்படித்தான் ஆனது. தான் தொடங்கிய கம்பெனியை விற்றார், 2011-ல் அவரையே வேலையை விட்டு எடுத்தார்கள். அவருடைய லிங்க்ட்இன் கணக்கின் பாஸ்வேர்ட் ஊழியர்களிடம் இருந்தது. கம்பெனி பாஸ்வேர்டை மாற்றி, அவர் இடத்துக்கு வந்தவரின் பெயரையும் படத்தையும் லிண்டாவின் கணக்கிலேயே வைத்துவிட்டது. 2013-ல் பென்சில்வேனியா கோர்ட் லிண்டாவின் பெயரை அப்படிப் பயன்படுத்தியது தப்பு என்றது, நஷ்டஈடு மட்டும் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஆபீஸ் பையனிடம் கொடுக்காதீர்கள், அந்தத் தளத்தின் விதியும் கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. மற்றபடி எங்கள் பட்டறையைக் கோடி கொடுத்து வாங்க வரிசையில் யார் நிற்கிறார்கள், சொல்லுங்கள், டோக்கன் தருகிறேன்.

அப்புறம், பயிற்சியாளரின் சொந்தப் பக்கத்தையும் போய்ப் பார்த்தேன். ஏர்போர்ட்டில் அவர், மேடையில் அவர், ஜிம்மில் அவர். அவருடைய கம்பெனிப் பேஜைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரமானது. அந்த இருபது சதவீதம் எங்களுக்கு மட்டும் போலிருக்கிறது.

'ஒரு பெண், அப்பா செத்த கதையை வைத்து லைக் வாங்குகிறார்' என்று ஒரு குரூப்பில் எழுதியவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. ஒன்று மட்டும். பேஜுக்கு வருகிற விசாரணையெல்லாம் 'டியர் சார்' என்று வருகிறது. என் கணக்குக்கு வருகிறவர்கள் டிராயிங்கைப் பற்றிப் பேச 'வீட்டுக்காரர் நம்பர்' கேட்கிறார்கள். இதில் நான் எந்த முகத்தை எத்தனை சதவீதம் காட்டுவது?

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது. பேமென்ட்டைப் பற்றி ஒருமுறை லிங்க்ட்இனில் எழுதினேன். எங்களை மாதிரிச் சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. தராவிட்டால் அந்த வருஷக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் இப்போது பிரிவு சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவுதான் எழுதினேன். யார் பெயரும் இல்லை. பத்து நிமிஷத்தில் ஒரு கம்பெனியின் பர்சேஸிலிருந்து போன். "மேடம், எங்களைத்தான சொல்றீங்க?" குரலில் கோபம்கூட இல்லை. நான் உடனே அழித்துவிட்டேன். அவர்கள் பணம் தொண்ணூற்று ஏழாவது நாள் வந்தது.

ஆக, என் பெயரில், என் படத்தோடு இருக்கிற என் கணக்கில் நான் எழுதியதை நானே அழித்தேன். லோகோவுக்குப் பின்னால் ஒளிய மாட்டேன் என்று மேலே ஆறேழு பத்தி எழுதிய அதே ஆள்தான். இதைக்கூட அங்கே எழுதவில்லை, இங்கே வந்து எழுதுகிறேன். கவனித்தீர்களா? அப்பா கடன்காரர்களைப் பேக்கரி வாசலில் நிறுத்தி, சத்தம் போட்டே கேட்பார். மறுநாள் அதே ஆள் வேலை கொண்டுவருவார்.

நேற்று ராத்திரி பயிற்சியாளரே வாட்ஸ்அப்பில் வந்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம், நல்ல எண்ணத்தில்தான் காட்டினாராம். எங்கள் பேஜை மாதாமாதம் அவரே பார்த்துக்கொள்வாராம், முதல் மாதம் இலவசம். கூடவே கொட்டேஷன். ஜிஎஸ்டி தனி.

'அந்த ஸ்லைடை மட்டும் எடுத்துவிடுங்கள் சார்' என்று பதில் போட்டேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. இந்த நிமிஷம் வரை பதில் இல்லை.